11,904 யூரோ கட்டியாச்சு, சரி. கையில் என்ன இருக்கு?

அக்டோபர் பிறந்தால் போதும், மாணவர்களை ஜெர்மனிக்குப் படிக்க அனுப்பும் எங்களுக்கு ஒரே மாதிரியான போன்கள் வர ஆரம்பித்துவிடும். பையன் ஜெர்மனி போய் மூன்று வாரம் ஆகிறது, கையில் காசு தீர்ந்துவிட்டது, வீடு அமையவில்லை, யாரோ ஒரு சீனியர் அறையில் தரையில் படுத்துக்கொண்டிருக்கிறான். அம்பத்தூரிலிருந்தோ மேடவாக்கத்திலிருந்தோ அப்பா கேட்கும் கேள்வியும் மாறுவதில்லை. "அதான் பிளாக்டு அக்கவுண்ட்ல பன்னிரண்டு லட்சம் கட்டினோமே சார், அப்புறம் ஏன் பணம் இல்லைங்கிறான்?"

இந்த வருடமும் அதே கேள்வி அளவுக்கு மீறி வந்துவிட்டது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். விளக்கம் நீளமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகச் சொன்னபோதெல்லாம் யாரும் காதில் வாங்கவில்லை.

பிளாக்டு அக்கவுண்ட் என்பது செலவுக்கான கணக்கு இல்லை. "ஒரு வருடம் இவனால் இங்கே சாப்பிட்டு வாழ முடியும்" என்று ஜெர்மன் அரசுக்குக் காட்டுகிற ஆதாரம் அது. மாதம் 992 யூரோ, 12 மாதத்துக்கு 11,904. 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் கணக்கு. பணம் உங்கள் பிள்ளையுடையதுதான், ஆனால் மாதத்துக்கு ஒரு தவணைதான் வெளியே வரும். வீட்டுக்கு டெபாசிட் கட்ட வேண்டும், லேப்டாப் உடைந்துவிட்டது, எது சொன்னாலும் இரண்டு மாதத் தவணையைச் சேர்த்துத் தர மாட்டார்கள். அப்படி எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே அதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

அந்த முதல் 992-ம், ஜெர்மனியில் இறங்கிய அன்றைக்கே வந்துவிடாது. இதுதான் யாருக்கும் புரிவதில்லை. தவணை வெளியே வர, அங்கே போனபின் கணக்கை ஆக்டிவேட் செய்ய வேண்டும். அதற்குப் பணம் வந்து விழ ஒரு சாதாரண வங்கிக் கணக்கு வேண்டும். சில நிறுவனங்கள் முகவரிப் பதிவுச் சான்றும் கேட்கும். வங்கிக்குப் போனால் பல வங்கிகள் அதே முகவரிச் சான்றைத்தான் முதலில் கேட்கும். முகவரிச் சான்று தருவது நகர அலுவலகம். அங்கே போனால், வீட்டில் குடிவந்ததற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட சான்று எங்கே என்பார்கள். அந்தக் கையெழுத்துக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு டெபாசிட் வேண்டும். டெபாசிட்டுக்கான பணம்? பிளாக்டு அக்கவுண்டில் இருக்கிறது. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறதா? பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்த கதைதான்.

இந்த வட்டத்தை உடைக்க ஒரே வழி, பூட்டாத பணம். எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அறைக்கு வெறும் வாடகை 400 யூரோ என்று வையுங்கள். ஹீட்டர், தண்ணீர் எல்லாம் சேர்த்த முழு வாடகை 520 ஆகும். டெபாசிட் வெறும் வாடகையில் அதிகபட்சம் மூன்று மடங்கு, அதாவது 1,200. பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் கட்டணம் ஊரைப் பொறுத்து மாறும், 300 வைத்துக்கொள்வோம். மருத்துவக் காப்பீடு மாதம் 140-க்கு மேல். கூட்டினால் 2,160. இன்னும் ஒரு கிலோ அரிசிகூட வாங்கவில்லை. ஆகவே பிளாக்டு அக்கவுண்ட் போக, 2,500 யூரோவாவது தனியாகக் கையில் இருக்க வேண்டும். மியூனிக், ஃபிராங்க்ஃபர்ட் மாதிரி ஊர் என்றால் 3,000-க்கு மேல்.

டெபாசிட்டை மூன்று மாதத் தவணையாகக் கட்ட அங்கே சட்டம் இடம் தருகிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு இது பெரிய சலுகையாகத் தெரியும். ஆனால் ஓர் அறைக்கு முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது, தவணை கேட்கிறவனுக்கு வீடு கொடுக்க வீட்டுக்காரருக்கு என்ன தலையெழுத்தா? முழுத் தொகையும் தயாராக இருக்கட்டும்.

இந்த 2,500-ஐ முழுக்க நோட்டாக எடுத்துப் போக வேண்டாம். வெளிநாட்டு நோட்டுகள் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புக்குள்தான் இருக்கலாம். 500 யூரோ நோட்டாக, மீதி ஃபாரெக்ஸ் கார்டில். கார்டு இரண்டாக இருந்தால் நல்லது, ஒன்று பர்ஸில், ஒன்று பெட்டியில். வங்கி வழியாக அனுப்பும் பணம் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால் டிசிஎஸ் என்கிற முன்கூட்டிய வரி பிடிப்பார்கள். பிளாக்டு அக்கவுண்ட் ஒன்றே அந்த வரம்பைத் தாண்டிவிடும் என்பதால் இதையும் கணக்கில் வையுங்கள். பிடித்த பணம் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பக் கிடைக்கும். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் தொகைக்கு இந்தப் பிடித்தம் கிடையாது.

இனி வீடு. விசா ஸ்டாம்ப் ஆனதும் எங்கள் தொழிலில் பலருக்கு வேலை முடிந்துவிடுகிறது. "போனா சீனியர்ஸ் பாத்துப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சீனியர்களுக்கும் தேர்வு இருக்கிறது, வேலை இருக்கிறது. அட்மிஷன் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பியுங்கள், விசா வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரிய நகரங்களில் விடுதி வரிசை பல மாதம், சில இடங்களில் வருடக்கணக்கு. விடுதி கிடைக்காதவர்கள் பகிர்வு வீடு தேடுவார்கள், அங்கேதான் மோசடிக்காரன் காத்திருக்கிறான். படம் பிரமாதமாக இருக்கும், வாடகை குறைவாக இருக்கும், "நான் வேலை விஷயமா லண்டன்ல இருக்கேன், பணத்தை அனுப்புங்க, சாவி கூரியர்ல வரும்" என்பான். கூரியர் வராது. யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்க்காத அறைக்கு, ஒப்பந்தம் கைக்கு வராத அறைக்கு ஒரு யூரோ அனுப்பக் கூடாது. பாஸ்போர்ட் நகலும் அனுப்பக் கூடாது. அடுத்த மாணவனை ஏமாற்ற அதைத்தான் "என் அடையாள அட்டை" என்று காட்டுவார்கள்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். பெரிய ஊர்களில் அதற்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே குதிரைக்கொம்பு, அதனால் வீடு உறுதியான அன்றே ஆன்லைனில் பதிவு செய்துவிடுங்கள். இதற்கு நம் பிள்ளைகள் கண்டுபிடித்திருக்கும் குறுக்குவழி, தங்காத நண்பன் வீட்டு முகவரியில் பதிவது. தயவுசெய்து வேண்டாம். குடியேறாத ஒருவருக்குப் பதிவுக்காக முகவரி கொடுத்தால், கொடுத்தவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்க அங்கே சட்டம் இருக்கிறது. உதவி செய்த நண்பனை மாட்டிவிடுவீர்கள்.

அடுத்தது தபால் பெட்டி. சிரிக்காதீர்கள். ஜெர்மன் அடுக்குமாடிகளில் பொதுவாகக் கதவு எண் கிடையாது. தபால்காரர் கீழே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயர் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார். வங்கி கார்டு, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாமே தபாலில்தான் வரும். வரி எண் கைக்கு வராமல் வேலைக்குச் சேர்ந்தால் சம்பளத்தில் அதிகபட்ச விகிதத்தில் பிடிப்பார்கள். எனவே குடியேறிய அன்றே வீட்டுக்காரரிடம் கேட்டுப் பெயரை ஒட்டுங்கள். எந்தப் பெயர்? பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படி, முழுதாக.

இங்கே தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், டிகிரியில் இனிஷியல் கடைசியில், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து எழுதியது, சில பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. அங்கே எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர் கட்டாயம். வங்கியில் ஒரு மாதிரி, காப்பீட்டில் ஒரு மாதிரி, பல்கலைக்கழகத்தில் ஒரு மாதிரி பதிவானால் பிறகு ஒவ்வொரு அலுவலகமாக அலைய வேண்டும். இதைச் சரிசெய்யும் இடம் சாலிகிராமமோ அமைந்தகரையோ தாம்பரமோ, உங்களுக்கு எந்த பாஸ்போர்ட் சேவா கேந்திரா பக்கமோ அங்கே. சரிசெய்யும் நேரம், நம் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தரும் ஏபிஎஸ் சான்றுக்கு விண்ணப்பிக்கும் முன். 2022 நவம்பரிலிருந்து மாணவர் விசாவுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், அதற்குப் பின் பெயரை மாற்றினால் அதிலிருந்தே மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

காப்பீட்டில் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். விசாவுக்காக வாங்கிய டிராவல் இன்ஷூரன்ஸ் வழிக்கும் முதல் சில நாட்களுக்கும்தான். அதை வைத்துப் பல்கலைக்கழகத்தில் சேர முடியாது. 30 வயதுக்குள் இருப்பவர்கள் பொதுக் காப்பீட்டின் மாணவர் கட்டணத்தில் சேரலாம். மலிவு என்று தனியார் காப்பீட்டுக்குப் போய்ப் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது. நாலைந்து வருடம் ஐடியில் வேலை பார்த்துவிட்டு 29, 30 வயதில் கிளம்புகிறவர்கள், 30 தாண்டினால் கட்டணம் எவ்வளவு கூடும் என்று முன்பே கேட்டுவிட்டுப் போங்கள்.

"போனதும் பார்ட் டைம் பாத்துப்பான்" என்பது அடுத்த நம்பிக்கை. வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம், உண்மைதான். 2026-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ, மினி-ஜாப் என்கிற சிறுவேலையில் மாத வரம்பு 603. அந்த 603-இல் முழு வாடகை 520-ஐக் கழித்துவிட்டு மீதியை நீங்களே பாருங்கள். அதுவும் ஜெர்மன் மொழி பேசாதவனுக்கு முதல் மாதமே வேலை கிடைத்தால்தான். ஃப்ரீலான்ஸ் என்று பதிவு செய்து டெலிவரி ஓட்டுவது மாணவர் அனுமதியில் சேராது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். வருமானம் வந்தால் சந்தோஷம். கல்விக் கடன் இஎம்ஐ-யை அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

டிக்கெட் எடுக்கும்போது நல்ல நாள் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை மாலை போய் இறங்காதீர்கள். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். அக்டோபர் 3 தேசிய விடுமுறை. திங்கள், செவ்வாயில் இறங்கினால் சிம் கார்டு, சாப்பாடு, அலுவலகம் எல்லாம் திறந்திருக்கும்.

பெட்டியில் ஊத்துக்குளி நெய் வேண்டாம், பால் பவுடரும் வேண்டாம். பால், இறைச்சிப் பொருட்களை இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகத் தடை. கோயம்பேட்டில் வாங்கிய கறிவேப்பிலைக் கட்டையும் தாவர நலச் சான்று இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். பொடி வகை, ஊறுகாய், புளி தாராளமாகப் போகட்டும். மிக்ஸி கொண்டுபோகலாம், அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். நம் மூன்று முள் பிளக் மட்டும் பொருந்தாது, ஆம்பியர் பார்த்து அடாப்டர் வாங்குங்கள். விடுதியில் தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து, அறைக்கதவைச் சாத்துங்கள். கடுகு தாளித்த புகைக்கும் தீப்பிடித்த புகைக்கும் ஸ்மோக் அலாரத்துக்கு வித்தியாசம் தெரியாது.

பதிவு முடிந்த சில வாரத்தில், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். "என்கிட்ட டிவியே இல்லை" என்று குப்பையில் போடாதீர்கள், டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். அறைத்தோழர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போடுங்கள்.

நள்ளிரவில் காய்ச்சல் என்று பிள்ளை போன் செய்தால், இங்கிருந்து பதறாமல் மருத்துவர் உதவி எண்ணான 116117-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் 112.

கடைசியாக அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு வரச் சொல்லி டிசம்பரிலேயே டிக்கெட் போட்டுவிடாதீர்கள். நுழைவு விசா பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான். அது முடிவதற்குள் அங்கே குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். இடையில் தரும் தற்காலிகத் தாளில் எல்லா வகையும் வெளியே போய்த் திரும்பி நுழைய அனுமதிக்காது. தாளில் எந்தச் சட்டப்பிரிவின் கீழ் டிக் செய்திருக்கிறார்கள் என்று வெளிநாட்டினர் அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள். பதில் வந்தபின் டிக்கெட் போடலாம்.