செக்யூரிட்டி: தமிழில் என்ன சொல்லலாம்?

மணலி, எண்ணூர், மாதவரம் பக்கம் எந்த கண்டெய்னர் யார்டுக்குப் போனாலும் கேட்டில் நிற்பவரை 'செக்யூரிட்டி' என்றுதான் கூப்பிடுகிறோம். ஆளுக்கும் அதே பேர், வேலைக்கும் அதே பேர், 'நேஷனல்' சேர்த்தால் நாட்டின் பாதுகாப்புக்கும் அதே பேர்.

மூலம் லத்தீன். 'சே' என்றால் இல்லாமல், 'கூரா' என்றால் கவலை. சேர்ந்தால் கவலையற்ற நிலை. காக்கப்படுகிறவரின் நிம்மதியைத்தான் அது சொல்கிறது, காக்கிறவர் அதில் இல்லவே இல்லை. தமிழில் வேர் 'கா'. காப்பு, காவல், காவலாளி எல்லாம் அதிலிருந்து வந்தவை, சங்கப் பாடல்களில் அரசனே காவலன்தான். கல்வெட்டுகளில் வரும் 'பாடிகாவல்' ஊரைக் காக்கும் பொறுப்பையும் அதற்காக வாங்கிய வரியையும் குறிக்கும்.

சரி, தேசப் பாதுகாப்பில் கேட்டில் நிற்கும் இவருக்கு என்ன வேலை? சென்னைத் துறைமுகத்துக்குள் மத்திய தொழிற்பாதுகாப்புப் படை இருக்கிறது. வெளியே யார்டுகளில் பெரும்பாலும் தனியார் ஆட்கள்தான். லாரி வந்து நின்றதும் வண்டி நம்பர், நாலு எழுத்தும் ஏழு எண்ணுமாக இருக்கும் பெட்டி நம்பர், பெட்டிக் கதவைப் பூட்டியிருக்கும் சீலின் நம்பர் எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் எழுதி, சீலைக் கையால் இழுத்துப் பார்த்த பிறகுதான் கேட்டைத் திறப்பார். 2020 ஆகஸ்டில் லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் என்ற வேதிப்பொருள் வெடித்தபோதுதான் மணலியில் ஒரு யார்டில் அதே சரக்கு சுமார் 700 டன் 2015-லிருந்து கிடப்பது ஊருக்கே தெரிந்தது. அப்படிப்பட்ட சரக்கு கிடக்கிற இடத்தின் கேட்டில் நிற்பது சின்ன வேலையே கிடையாது.

2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டமும் இதை ஒத்துக்கொள்கிறது. பணியில் சட்டமீறல் கண்ணில் பட்டால் இவர் தன் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும், மேலதிகாரி போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தச் சட்டத்துக்கான மத்திய அரசின் மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் கேட்கின்றன. அந்தப் பயிற்சியை ஒழுங்காகக் கொடுக்காமல் 12 மணி நேர டூட்டியில் நிறுத்தினால் அந்தச் சட்டம் வெறும் காகிதம்தான்.

அப்புறம், போலீஸ், ராணுவ உடை மாதிரி இவர் உடுத்தினால் இதே சட்டத்தில் ஓராண்டு வரை சிறை உண்டு. ஆகவே பெயரிலும் குழப்பம் வேண்டாம், 'காவலர்' போலீசுக்கே இருக்கட்டும். தொழிலுக்குத் தனியார் காவல் பணி, ஆளுக்குக் காவலாளி. இன்னும் மரியாதையாக எழுத வேண்டுமென்றால் பாதுகாவலர்.