முள் சீத்தா இலையும் பத்தாயிரம் மடங்கும்

அந்த அம்மா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் மேசையில் வைத்தார். கரும்பச்சைத் தண்ணீர், அடியில் இலைத்தூள் படிந்திருந்தது.

"முள் சீத்தா இலைக் கஷாயம் டாக்டர். ரெண்டு வேளையும் குடிச்சேன். கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தின்னு தங்கச்சி பையன் வாட்ஸ்அப்புல காட்டினான்."

மார்பில் புற்று என்று பயாப்ஸி சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்று புளியங்கொட்டை அளவிருந்த கட்டி எலுமிச்சை அளவாகி, அக்குளிலும் நெறி கட்டியிருந்தது.

அந்தப் பத்தாயிரம் பொய்க் கணக்கல்ல. 1996இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் முள் சீத்தா விதையிலிருந்து பிரித்த ஒரு சேர்மம், ஆய்வகத்தில் வளர்த்த குடல் புற்றுச் செல்களை அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தைவிட அத்தனை மடங்கு வீரியமாகக் கொன்றது. சோதித்தது விதைச் சேர்மத்தை, இலைக் கஷாயத்தை அல்ல. மனித உடம்பிலும் அல்ல.

அந்தச் சேர்மம் அசிட்டோஜெனின் என்ற வகையைச் சேர்ந்தது. இவ்வகைச் சேர்மங்கள் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகின்றன. மூளை நரம்புக்கும் அதே சக்திதானே வேண்டும்? கரீபியன் தீவான குவாடலூப்பில், வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத பார்க்கின்சன் எனும் நடுக்குவாதம் போன்ற நோய்க்கும் இந்தப் பழம், இலைத் தேநீர்ப் பழக்கத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று 1999இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அது இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் முள் சீத்தாவிலுள்ள அன்னோனாசின் என்ற அசிட்டோஜெனினை ரத்தத்தில் செலுத்திய எலிகளின் மூளைச் செல்கள் அழிந்தன.

செடியில் மருந்து உண்டு என்பதை நான் மறுக்கவே மாட்டேன். குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின், நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்ததுதான். 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு வேளைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டமாட்டோம். கூடினால் நரம்பைத் தாக்கும். அந்த அளவைக் கண்டுபிடிக்கத்தான் மனிதர்களிடம் சோதனை வேண்டும். முள் சீத்தா மனிதருக்குப் புற்றைக் குணமாக்கியதாக அப்படி எந்தப் பெரிய ஆய்வும் காட்டவில்லை.

"ஏம்மா, அன்னைக்கே வந்திருக்கலாமே?" என்றேன்.

"முடி கொட்டிடும்னு பயம் டாக்டர்."

இந்த பயத்தை முதல் நாளே எங்களைப் போன்றவர்கள் கேட்டிருக்க வேண்டும். பழத்தை எப்போதாவது ஒரு துண்டு சாப்பிடுங்கள், தவறில்லை. கஷாயத்தை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். குடித்துக்கொண்டிருந்தால், திட்டுவார்களோ என்று மறைக்காமல், கீமோ தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வியாழக்கிழமை அவருக்கு முதல் கீமோவை ஏற்றினோம்.