குப்பை வண்டி வரலன்னா முதல்ல ஈரக்குப்பையைப் பிரிச்சு வைங்க

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்சப்போ சென்னையில வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நிறைய தெருவுல தண்ணி வடியவே நாளாச்சு, குப்பை வண்டி உள்ள வர வழியே இல்ல. அப்போ காய்ச்சல், வயித்துப்போக்கு, சேத்துப்புண்ணுன்னு என்கிட்ட வைத்தியத்துக்கு வந்தவங்ககிட்ட வீட்டுக் குப்பையை எங்க வெச்சிருக்கீங்கன்னு கேப்பேன், முக்காவாசி பேர் எல்லாத்தையும் ஒரே கவர்ல கட்டி மாடிப்படிக்குக் கீழ போட்டிருக்கோம்னுதான் சொன்னாங்க.

நாத்தம், ஈ, புழு, எலி எல்லாமே ஈரக்குப்பையாலதான் வருது. பேப்பர், பால் கவர், பாட்டில் எல்லாம் கழுவிக் காயவெச்சு மூட்டை கட்டிட்டா ஒரு மாசம் கூட வீட்டுலயே கிடக்கலாம், ஒண்ணும் ஆகாது. அதுல சாம்பார் மிச்சத்தைக் கொட்டினீங்கன்னா ரெண்டே நாள்தான், மொத்த மூட்டையும் அழுகிடும்.

காய்கறித் தோல், டீத்தூளைத் தண்ணி வடியவிட்டு, அடியில ஓட்டை போட்ட பக்கெட்ல போட்டு, ஒவ்வொரு தடவையும் மேல தேங்காநார்த் தூளோ காஞ்ச இலையோ கிழிச்ச நியூஸ்பேப்பரோ ஒரு கை தூவுங்க, கொஞ்சம் புளிச்ச மோரும் தெளிக்கலாம். மீன், கறிக் கழிவை இதுல போடாதீங்க, கரண்ட் இருந்தா பேப்பர்ல சுத்தி ஃப்ரீசர்ல வைங்க, இல்லன்னா அந்த வாரம் வாங்காம இருக்கறதே நல்லது.

டயப்பர்ல இருக்கற மலத்தை டாய்லெட்ல தட்டிட்டு, டயப்பரையும் நாப்கினையும் பேப்பர்ல சுத்தி மூடி போட்ட வாளியில தனியா வைங்க. இன்சுலின் ஊசியை மட்டும் தயவுசெஞ்சு கவர்ல போடாதீங்க, கெட்டியான பிளாஸ்டிக் டப்பால போட்டு மூடி மேல ‘ஊசி’ன்னு எழுதிடுங்க, ஏன்னா கடைசியில அது குத்தப்போறது அந்த மூட்டையைத் தூக்கற தூய்மைப் பணியாளர் கையிலதான், அவங்களுக்கு க்ளவுஸ் கூட ஒழுங்கா கெடைக்கறதில்ல.

எரிக்கவே எரிக்காதீங்க. பிவிசி மாதிரி பிளாஸ்டிக் எரிஞ்சா டயாக்ஸின்ங்கற நச்சுப்பொருள் வரும், பக்கத்து வீட்டு ஆஸ்துமா குழந்தைக்கு அன்னிக்கு ராத்திரியே மூச்சு இழுக்கும்.

எலி சேர்ந்த இடத்துல தேங்கின தண்ணியில அதோட மூத்திரம் கலந்திருக்கும், கால்ல சின்ன வெட்டு இருந்தாக்கூட போதும், எலிக்காய்ச்சல் கிருமி உள்ள போயிடும். அறிகுறி தெரிய ஒரு மாசம் வரைக்கும் கூட ஆகலாம், அதனால வெள்ளம் வடிஞ்சப்புறம் காய்ச்சலோட கெண்டைக்கால் வலியும் வந்தாலோ கண்ணு சிவந்தாலோ, டாக்டர்கிட்ட போனதும் முதல்ல அந்தத் தண்ணியில நடந்தேன்னு சொல்லிடுங்க.