நடப்பது இருக்கட்டும், முதலில் உட்காரட்டும்

பக்கவாதம் வந்து வார்டில் படுத்திருப்பவரின் வீட்டார் பிசியோதெரபிஸ்டிடம் கேட்கும் முதல் கேள்வி, "எப்ப சார் நடப்பாங்க?" அடுத்தது, "கைக்கு என்ன எக்சர்சைஸ்?" அதற்குள் நோயாளியின் உள்ளங்கையில் யாராவது ஒரு ஸ்மைலி பந்தைத் திணித்திருப்பார்கள். முதுகு, வயிறு, இடுப்பு பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் அவரைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்துப் பிடியை விட்டால், அடுக்கு சரிந்த நெல்மூட்டையாக ஒரு பக்கம் சாய்வார்.

முதுகு, வயிறு, இடுப்பு சேர்ந்த இந்த நடுவுடல், கை கால் போல முழுசாகச் செயலிழப்பது அரிது. அதன் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கங்களிலிருந்தும் கட்டளை போகிறது. அதனாலேயே அதன் பலவீனம் பலர் கண்ணில் படுவதில்லை. நெதர்லாந்தில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். பக்கவாதம் வந்த 72 மணி நேரத்துக்குள் பிடிமானமின்றி 30 விநாடி உட்கார முடிந்து, பாதிக்கப்பட்ட காலிலும் ஓரளவு அசைவு இருந்தவர்களுக்கு, ஆறாம் மாதத்தில் தனியாக நடக்கும் வாய்ப்பு சுமார் 98 சதவீதம். இரண்டும் இல்லாதவர்களுக்கு 27 சதவீதம். இந்தக் கணக்கை யாரையும் பயமுறுத்தச் சொல்லவில்லை. 27 என்பது பூஜ்யம் அல்ல. உட்காருவதைப் பயிற்சியால் மேம்படுத்தவும் முடியும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு, 68 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியிட்ட மறுஆய்வு, நடுவுடல் பயிற்சி பெற்றவர்களுக்கு உட்காருதல், நிற்பது, நடப்பது மூன்றிலும் முன்னேற்றம் இருந்ததாகச் சொல்கிறது.

அதற்காக அட்மிட் ஆன அன்றே தூக்கி உட்காரவைத்துவிடக் கூடாது. ஐந்து நாடுகளில் 2,100க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த 'அவெர்ட்' ஆய்வு 2015இல் வெளியானது. 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அதிக அளவில் எழுப்பி நடமாட வைத்தவர்களில், மூன்றாம் மாதம் நல்ல நிலைக்கு வந்தவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறைவுதான். எனவே எப்போது தொடங்கலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும். தொடங்கியபின் ஒரே மூச்சில் அரை மணி நேரம் வேண்டாம். சில நிமிடங்களாக, நாளில் பல தடவை போதும். முதல் சில நாள் படுத்த நிலையில் ஒரு தடவை, உட்கார்ந்தபின் ஒரு தடவை பிபி பார்ப்பது அவசியம். மேல் அளவு 20 இறங்கினாலோ, முகம் வெளுத்து வியர்த்தாலோ, தலை சுற்றுகிறது என்றாலோ உடனே படுக்க வைத்துவிட்டு நர்ஸிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போனபின் நான் அதிகம் பார்க்கும் காட்சி: பிளாஸ்டிக் நாற்காலி, நாலு பக்கமும் தலையணை, மார்பைச் சுற்றி ஒரு துண்டு. "நல்லா உக்காந்திருக்கார் சார்!" உட்கார்ந்திருப்பது துண்டுதான். சாயாமல் தாங்கும் வேலையைத் துணியே செய்தால் தசைக்கு என்ன வேலை? நடு பள்ளமான கயிற்றுக் கட்டிலும், அமுங்கும் ஃபோம் மெத்தையும் இதே கதைதான். கெட்டியான மரக்கட்டில் அல்லது பெஞ்ச் வேண்டும். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். கட்டில் உயரமாக இருந்தால் காலடியில் மணைப்பலகை ஒன்றைப் போடுங்கள். தொங்கும் காலோடு யாருக்குமே பேலன்ஸ் கிடைக்காது.

இப்போது உங்கள் உள்ளங்கையை அவரது ஒரு பிட்டத்துக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள், பிறகு மறுபக்கம். ஒரு பக்கம் கை சுலபமாக நுழைந்து, மறுபக்கம் நசுங்கினால் எடை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். முதுகு கூன்போட்டு வால் எலும்பில் உட்கார்ந்திருக்கிறாரா என்பதையும் பாருங்கள். இடுப்பு முன்னால் நிமிர்ந்தால்தான் மேலே முதுகு நிமிரும். "நிமிருங்கப்பா, நிமிருங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருப்பதில் பலன் கம்மி. கை நீட்டினால் எட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால் ஒரு டம்ளரைப் பிடித்து, "இதை வாங்குங்கப்பா" என்று சொல்லுங்கள். முதலில் நேர் எதிரே, பிறகு நல்ல பக்கம், பழகியபின் பாதிக்கப்பட்ட பக்கம். எட்டும்போது பாதிக்கப்பட்ட பாதம் தரையை அழுத்த வேண்டும். நீங்கள் அந்தப் பக்கமாகவே உட்காருங்கள்; விழுந்தால் பெரும்பாலும் அங்கேதான் விழுவார். எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தசை தளர்ந்த தோள்மூட்டு ஏற்கெனவே இறங்கியிருக்கும். ஒரு இழுப்பில் மாதக்கணக்கில் வலி வந்து சேரும்.

சிலரிடம் இதெல்லாம் பலிக்காது. நல்ல கையால் கட்டிலை ஊன்றி, தன்னையே பாதிக்கப்பட்ட பக்கம் தள்ளிக்கொண்டே போவார்கள். நேராக்கப் போனால் எதிர்த்துத் தள்ளுவார்கள், பயந்து கத்துவார்கள். இடது பக்கம் செயலிழந்தவர்களிடம் இது கூடுதல். "வேணும்னே பண்றாரு, எப்பவுமே பிடிவாதம்" என்று மனைவியே சலித்துக்கொள்வார். பிடிவாதம் இல்லைம்மா. உடல் நேராக இருக்கும்போது சாய்ந்து கிடப்பதாக அவர் மூளை உணர்கிறது. நாம் நிமிர்த்தினால் கீழே தள்ளுவதாகத் தோன்றும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் செங்குத்து பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால் கதவு நிலைக்கு எதிரே உட்காரவைத்து, "நிலை நேரா இருக்கா? நீங்க அது மாதிரி இருக்கீங்களா?" என்று அவரையே கண்டுபிடிக்க விடுவோம். நல்ல பக்கச் சுவரைத் தோளால் தொடச் சொல்வோம். கையால் தள்ளித் திருத்துவதைவிட இது வேலை செய்கிறது. பெரும்பாலோருக்கு இந்தத் தள்ளல் சில வாரங்களிலோ மாதங்களிலோ குறைந்துவிடுகிறது.

சாப்பாடும் இதில் சேர்த்தி. சாய்ந்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியா வரலாம். விழுங்குவதைப் பரிசோதித்தபின், நிமிர்த்தி உட்காரவைத்தே கொடுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள்.

டிஸ்சார்ஜுக்கு முன், ஒருக்களித்து எழுந்து உட்காரும் முறையை வீட்டில் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்களோ அவரையே செய்யச் சொல்லி பிசியோதெரபிஸ்ட் பார்க்க வேண்டும். வீடியோ எடுத்துக்கொண்டு போனால் மட்டும் போதாது. அலைய முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் உண்டு. வருபவரிடம் ஸ்மைலி பந்தைக் காட்டுவதற்கு முன், கட்டில் ஓரத்தில் எத்தனை நிமிடம் உட்காருகிறார் என்பதைச் சொல்லுங்கள்.