கிட்டார் வாசிப்பவர் முதல் மாண்டலின் வாங்கும்போது எதற்குக் காசு கொடுக்கலாம்?

"கம்பி கல்லு மாதிரி இருக்கே!" கிட்டார் பழகியவர்கள் மாண்டலினைக் கையில் எடுத்ததும் சொல்வது இதைத்தான். சுமார் 35 செ.மீ. நீளத்தில் நான்கு ஜோடியாக எட்டுக் கம்பிகள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ இழுவிசை. ஓரளவு விறைப்பு இயல்புதான். ஆனால் விலை குறைந்த மாண்டலின்களில் நட்டையும் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் பள்ளமிட்ட துண்டு) பிரிட்ஜையும் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டை) சரியாகச் செட்டப் செய்யாததால் அது இன்னும் கூடிவிடுகிறது. பலர் தங்கள் விரலைக் குறைசொல்லி வாத்தியத்தை மூலையில் வைத்துவிடுவது வருத்தமான விஷயம்.

உடலின் மேல்மூலையில் மரச்சுருள் வைத்த எஃப் ஸ்டைலைப் பார்த்து மயங்காதீர்கள். அமெரிக்க நாட்டுப்புறப் பாணியான புளூகிராஸ் இசையின் முன்னோடி பில் மன்றோ வாசித்தது 1923இல் செய்த கிப்சன் எஃப்-5 என்பதால் அந்த இசையில் அதற்குத் தனி மவுசு. ஆனால் அந்தச் சுருளுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் செதுக்கு வேலைக்குத்தான், நாதத்துக்கு அல்ல. அதே பணத்தில் சுருள் இல்லாத ஏ ஸ்டைல் வாங்கினால் ஒரே மரத்தாலான ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) மேற்பலகை கிடைக்க வாய்ப்பு அதிகம். மேற்பலகையில் 'f' வடிவில் இருக்கும் எஃப் துளையின் வெட்டு விளிம்பைப் பாருங்கள்: மேலே தெரியும் மரரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் ஒரே மரம்; அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட்.

கடையிலேயே சுருதி சேர்த்துவிட்டு, தடித்த ஜி கம்பியை முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) சாதாரணமாக அழுத்தி டியூனரைப் பாருங்கள். சுருதி தெளிவாக ஏறிப் போனால் நட் பள்ளம் போதாது. அடுத்து, 2ஆம், 3ஆம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டுக்கு மேல் மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். 12ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் 1.5 முதல் 2 மி.மீ. வரை இருந்தால் நல்லது. பிரிட்ஜ் நிற்கும் இடத்தில் பலகை குழிந்திருந்தால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

கிட்டார்காரர்கள் சறுக்கும் இடம் பிரிட்ஜ். மாண்டலினில் அது ஒட்டப்பட்டதல்ல. கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட் வரையுள்ள தூரம், அங்கிருந்து பிரிட்ஜ் வரை அநேகமாக அதே அளவு இருக்க வேண்டும். 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) ஏறியிருந்தால் பிரிட்ஜை டெயில்பீஸ் (கம்பிகளின் அடிமுனையை மாட்டும் தகடு) பக்கம் நகர்த்துங்கள். இறங்கியிருந்தால் ஃப்ரெட் பக்கம். பிரிட்ஜின் மேல்விளிம்பில் ஏ கம்பிகள் படும் இடம் ஈ கம்பிகளைவிடச் சற்றுப் பின்னால் இருக்கும். யாராவது திருப்பி மாட்டியிருந்தால் எவ்வளவு நகர்த்தினாலும் சுருதி சேராது. பிரிட்ஜின் பாதங்களுக்கும் பலகைக்கும் நடுவே காகிதம் நுழைந்தால், ஒலி பலகைக்கு முழுசாக இறங்காது.

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வழியில் கர்நாடக இசை வாசிக்க விரும்புகிறவர்களுக்கு இந்த எட்டுக் கம்பி வாத்தியம் ஒத்துவராது. இரட்டைக் கம்பியை இழுத்துக் கமகம் எடுப்பது பெரும்பாடு. ஐந்து தனிக்கம்பிகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினைத் தேடுங்கள்.

எட்டுக் கம்பி மாண்டலினின் சுருதி, தடித்த கம்பியிலிருந்து ஜி, டி, ஏ, ஈ. கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளைத் தலைகீழாக்கினால் இதே வரிசை. ஜி கார்டு கிட்டாரில் 3-2-0-0, இங்கே 0-0-2-3. கிட்டாருக்கு வைத்திருக்கும் மெல்லிய பிக் வேண்டாம், 1.2 மி.மீ.க்குக் குறையாதது வாங்குங்கள். கம்பிகளை லூப் எண்ட் (முனையில் வளையம் உள்ளவை) என்று கேட்டு வாங்கி, ஒவ்வொரு ஜோடியாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் பிரிட்ஜ் விழுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து இடம் பார்த்து வைக்க வேண்டும்.