பர்மிஷன் கேட்கும் பெட்டி: அனுமதியா, இசைவா?

"அண்ணா, நானும் நிருவாகிதானே? நீங்கள் போனால் பேசாமல் திறக்கிற வழங்கி, நான் போனால் மட்டும் ஏன் பர்மிஷன் கேட்கிறது?"

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கத்தில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில், என்னோடு விண்டோஸ் வழங்கிகளை, அதாவது சர்வர்களை, பார்த்துக்கொள்ளும் தம்பி கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி. இருவரும் ஒரே நிருவாகிகள் குழுவில் இருக்கிறோம். ஆனாலும் அவர் ஒரு மென்பொருளை நிறுவப் போனால் திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி தோன்றி, ஆமா இல்லையா என்று கேட்கும். எனக்கு அது வராது. அவருக்குமே சிலவற்றுக்கு வரும், சிலவற்றுக்கு வராது.

எங்களுக்கு முன்பு அங்கே இருந்த ஒருவர், இதே தொல்லையை நிறுத்துவதற்காக ஒரு கோப்புறைக்கு "எல்லோருக்கும் முழு உரிமை" என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பெட்டி வருவது நிற்கவில்லை. உள்ளே இருந்த சம்பளக் கோப்புகள்தான் எல்லோர் கைக்கும் எட்டும்படி ஆகிவிட்டன. அவர் திறமை இல்லாதவர் அல்லர். 'பர்மிஷன்' என்ற சொல்தான் அவரைத் தவறான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பர்மிஷன் இலத்தீன் வழி வந்த சொல். 'பெர்' என்றால் ஊடாக. 'மித்தெரே' என்றால் அனுப்புதல், போகவிடுதல். வாசலில் நிற்பவன் ஒருவனை உள்ளே போகவிடுவதே இதன் அடிப்பொருள். இதற்கு வேரளவில் நேராக நிற்கும் தமிழ்ச்சொல் 'விடை'. விடு என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. விடைபெறுதல், விடைகொடுத்தல் என்பவற்றில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. விடை என்றால் மறுமொழி என்றும் பொருள் உண்டு அல்லவா? பெரியவர்கள் வாயில் வரும் 'உத்தரவு' என்பதும் இப்படித்தான். வடமொழியில் உத்தரம் என்றால் மறுமொழி. தமிழுக்கு வந்து கட்டளையாகவும் அனுமதியாகவும் ஆனது. கேட்டவனுக்குக் கிடைக்கும் மறுமொழியே அவனுக்கான அனுமதி என்ற எண்ணம் இரண்டு சொற்களிலும் ஒன்றுபோல அமைந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

'அனுமதி'யும் வடமொழிச் சொல்தான். அநு, மதி என்று பிரித்தால் மனம் ஒப்புதல் என்ற பொருள் கிடைக்கும். ஆனால் நம்முடைய வழக்கில் அது மேலிருந்து ஒருவர் தருவதாகவே இறுகிவிட்டது. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரெடரிக் கோட்டை வாசலைக் கடந்துதான் போகவேண்டும். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. அந்த வாசலில் உள்ளே விடுகிறவர் வேறு, போகிறவர் வேறு. அனுமதி என்றதும் நம் மனத்தில் எழும் படம் அதுதான்.

அந்தப் பெட்டியில் அப்படி எவரும் நிற்கவில்லை. கேட்பது கணினி, மறுமொழி சொல்லவேண்டியவர் நீங்கள். விண்டோசில் அந்தப் பெட்டியைக் காட்டும் நிரலின் பெயரே 'கன்சென்ட்' என்பதாகும். இலத்தீனில் 'கொன்' சேர்ந்து, 'சென்தீரே' உணர்தல். இதற்கு நம்மிடம் 'இசைவு' இருக்கிறது. இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். உடன்படிக்கை ஆவணத்துக்கு 'இசைவுதீட்டு' என்ற பழஞ்சொல்லே உண்டு. புதிதாக ஒன்றை ஆக்கவேண்டிய தேவையே இல்லை.

இப்படிக் கேட்டு நிற்கும் பெட்டியை ஆங்கிலத்தில் 'பிராம்ப்ட்' என்பார்கள். அதற்கும் ஒரு வார்த்தை. நாடக மேடையில் மறந்த வரியை மறைவிலிருந்து சொல்லிக்கொடுப்பதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் குறிப்பார்கள். கூத்துக் களரியில் ஏடு பார்ப்பவர் அடியெடுத்துக் கொடுப்பது அது. நம்முடைய பெட்டி எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை, கேட்கத்தான் செய்கிறது. ஆகவே 'வினவல்' போதும். இசைவு வினவல்.

சரி, ஏன் ஒருவரிடம் கேட்டு மற்றவரிடம் கேட்பதில்லை? 2007இல் பொதுச் சந்தைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவோடு 'யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல்' என்ற ஏற்பாடு வந்தது. விண்டோஸ் சர்வர் 2008 முதல் வழங்கிகளிலும் இருக்கிறது. நிருவாகி ஒருவர் உள்நுழைந்ததும் கணினி அவருக்கு இரண்டு அடையாள வில்லைகளை, அதாவது டோக்கன்களை, ஆக்குகிறது. ஒன்று முழு அதிகாரம் கொண்டது; மற்றது அதிகாரம் வடித்துக் குறைக்கப்பட்டது. அன்றாட வேலைகள் எல்லாம் இரண்டாவதோடுதான் நடக்கும். குருக்கள் வீட்டிலும் குருக்கள்தான். ஆனாலும் கருவறைக்குள் போகுமுன் நீராடித்தான் போவார். முழு வில்லையை எடுத்துக்கொள்ளும் அந்தக் கணத்தில்தான் இசைவு வினவல் எழுகிறது. சாதாரணப் பாவனையாளராக இருந்தால் இசைவு போதாது. நிருவாகி ஒருவரின் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்.

விண்டோசோடு கூடவே பிறக்கும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற மூலக் கணக்குக்கு மட்டும் இயல்புநிலையில் இந்த வடிப்பு இல்லை. எப்போதும் முழு வில்லைதான். நான் அந்தக் கணக்கில் நுழைந்துகொண்டிருந்தேன். தம்பி தன் பெயரிலுள்ள கணக்கில். அவர் செய்ததே சரி. 'ஃபில்டர் அட்மினிஸ்ட்ரேட்டர் டோக்கன்' என்ற அமைப்பை (செட்டிங்) 1 ஆக்கினால் மூலக் கணக்கும் கேட்கத் தொடங்கும். நான் அதைச் செய்ததோடு, அந்தக் கணக்கை அன்றாட வேலைக்குப் பயன்படுத்துவதையும் விட்டுவிட்டேன்.

அவருக்குச் சிலவற்றுக்கு மட்டும் வருவதற்குக் காரணம் வேறு. நிருவாகியிடம் எப்படிக் கேட்பது என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 5. விண்டோசின் சொந்த நிரல்கள் பலவற்றுக்குக் கேட்காது, பிறருடைய மென்பொருளுக்குக் கேட்கும் என்பது அதன் பொருள். மதிப்பு 2 என்றால் எல்லாவற்றுக்கும் கேட்கும். 0 என்றால் கேளாமலே முழு வில்லைக்கு உயர்த்திவிடும். பல கணினிகளுக்கு ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் குழுக் கொள்கை வழியாக ஒரு வழங்கிக்கு 2 வந்து, அடுத்ததில் 5 இருந்தால், அருகருகே நிற்கும் இரண்டு இயந்திரங்கள் இரண்டு விதமாக நடக்கும். எந்தக் கொள்கை எங்கிருந்து வந்தது என்பதை 'ஜீபி ரிசல்ட்' கட்டளை காட்டும். எந்த வில்லையோடு இருக்கிறோம் என்பதை 'ஹூ ஆம் ஐ' கட்டளையைக் குழுக்களோடு கேட்டுப் பார்க்கலாம்: நிருவாகிகள் குழுவின் எதிரே 'மறுப்புக்கு மட்டும்' என்ற குறிப்பு இருந்தால் அது வடிக்கப்பட்ட வில்லை.

இனி, உண்மையிலேயே அனுமதியைப் பற்றிப் பேசும் இன்னொரு பெட்டி இருக்கிறது. குழப்பம் முற்றுவது அங்கேதான். நிருவாகிகள் குழுவுக்கு மட்டும் திறந்த கோப்புறையை வடிக்கப்பட்ட வில்லையோடு சொடுக்கினால், இப்போது உங்களுக்கு அனுமதி இல்லை, தொடரவா என்று கேட்கும். தொடர் என்றால், கணினி உங்கள் கணக்கின் பெயரை அந்தக் கோப்புறையின் உரிமைப் பட்டியலில் நிரந்தரமாக எழுதிவிடுகிறது. அதன்பின் உங்களிடம் கேட்காது. உங்கள் சக ஊழியரிடம் கேட்கும். உங்களை நிருவாகிகள் குழுவிலிருந்து நீக்கிய பிறகும் அந்தப் பெயர் அங்கேயே கிடக்கும். சம்பளக் கோப்புறையைத் திருத்தியபோது, விலகிப்போன இரண்டு பேரின் கணக்குகளை நாங்கள் அப்படித்தான் கண்டெடுத்தோம். இதற்கென்று தனிக் குழு ஒன்றை ஆக்கி, கோப்புறை உரிமையை அந்தக் குழுவுக்குக் கொடுத்தோம். தனிக் குழுவை வடிப்பு தொடுவதில்லை. ஆகவே பெட்டியும் வருவதில்லை.

கோப்பின்மேல் எழுதப்பட்டிருப்பதை நாங்கள் இப்போது 'அணுகல் உரிமை' என்கிறோம். எங்கள் பணிக்குறிப்பேட்டில் "பர்மிஷன் பிரச்சினை" என்று எழுதுவதை நிறுத்திவிட்டோம். "இசைவு கேட்டது" அல்லது "அணுகல் உரிமை மறுத்தது". தம்பி தொலைபேசியில் முதல் வாக்கியத்தைச் சொன்னவுடனேயே, கொள்கையைப் பார்ப்பதா கோப்புறையைப் பார்ப்பதா என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது.