ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு வாரம்

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 45 பேரைக் கணினி முன் உட்கார வைத்தார்கள். திரையில் பாறைகள். எதன் அடியில் பாம்பு இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். பாம்பு வந்தால் கையில் சுரீரென்று மின்னதிர்ச்சி. கூடவே வியர்வையையும் கண்பாவை விரிவதையும் அளந்தார்கள். 2016இல் வெளியான முடிவு இது: அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வருமா வராதா என்று பாதிக்குப் பாதி இழுபறியாக இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்துக்குப் போனது.

ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர், புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று நாள் முழுக்க அந்தப் பாறைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். பிரிட்டன் அரசு ஊழியர்களை ஆராய்ந்த வைட்ஹால் ஆய்விலும் இதே கதை. ஒரு துறை தனியார்மயமாகப் போகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே, மாற்றம் நடக்கும் முன்பே, அங்கிருந்தவர்களின் உடல்நலம் சரியத் தொடங்கிவிட்டது.

ஊழியர் தன்பாலீர்ப்பு கொண்ட ஆணாக இருந்தால் இதன்மேல் இன்னொரு பாறை. நியூயார்க்கில் 741 பேரிடம் ஆய்வு செய்து இலான் மேயர் 1995இல் எழுதியதைச் ‘சிறுபான்மை அழுத்தம்’ என்கிறோம். நேரில் பட்ட அவமானம் மட்டுமல்ல, ‘ஒதுக்கிவிடுவார்களோ’ என்ற எதிர்பார்ப்பும், தன்மேலேயே ஊறிப்போன வெறுப்பும் தனித்தனியாக மனதைக் கெடுக்கின்றன.

இரண்டு பாறைகளும் சேர்வது மறைப்பதில்தான். நிரந்தர வேலைக்காரர் ‘தெரிந்தால் தெரியட்டும்’ என்று இருந்துவிடலாம். புதுப்பிப்புக்குக் காத்திருப்பவரால் முடியாது. திங்கட்கிழமை டீ நேரத்தில், “லீவுல எங்க போனீங்க, யார்கூட?” ஆங்கிலத்தில் பதில் சொல்பவர், கூட வந்தவர் ஆணா பெண்ணா என்று காட்டும் சொல்லில் தடுக்கி விழுவார். தமிழில் ‘அவங்க’ இருக்கிறது, காப்பாற்றிவிடும். “அவங்க என்ன வேலை பாக்குறாங்க? போட்டோ காட்டுங்க” என்று அடுத்த கேள்வி வரும்வரை.

ஒவ்வொரு வாக்கியத்தையும் வாயைவிட்டு வெளியேறும் முன் சோதிப்பது மூளைக்கு ஒரு வேலை. நேர்காணலில் பாலீர்ப்பை மறைத்துப் பேசச் சொன்னால், அடுத்து வரும் அறிவுத்திறன் தேர்வில் மதிப்பெண் குறைகிறது என்று 2014இல் கிளேட்டன் கிரிட்சரும் மெலிசா பெர்குசனும் காட்டினார்கள். ஒப்பந்தத்தை நீட்டிக்கத் திறமையைக் காட்ட வேண்டிய நேரத்தில் அந்தத் திறமையில் ஒரு பங்கு இதற்கே செலவாகிறது.

உடலுக்குள்ளும் கணக்கு ஓடுகிறது. அபாயம் என்றதும் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, அது சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியை உசுப்ப, கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் கொட்டுகிறது. அபாயம் நீங்கியதும் அடங்க வேண்டிய ஏற்பாடு இது. ஆனால் ஒப்பந்தம் தரும் அபாயம் ‘நீங்குவது’ எப்போது? விடியலில் ஏறி இரவில் இறங்க வேண்டிய கார்டிசாலின் தாளம் குலைய, தூக்கமும் மனநிலையும் சேர்ந்து ஆட்டம் காண்கின்றன. மனச்சோர்வு உள்ளவர் நிலையான வேலையைப் பிடிக்கத் திணறுவதும் உண்டு என்பதால், எது காரணம் எது விளைவு என்று பிரிப்பது எளிதல்ல. என் கணிப்பில் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போகின்றன.

பாலீர்ப்புக்காக வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020இல் ஜெரால்டு பாஸ்டாக் வழக்கில் தீர்ப்பளித்தது. நீக்கினால் வழக்குப் போடலாம், சரி. ‘புதுப்பிக்கவில்லை’ என்று ஒரு வரி மெயில் வந்தால் காரணத்தை எங்கே தேடுவது?

திருநம்பிக்கு, அதாவது பிறப்பில் பெண் எனப் பதிவாகி ஆணாக வாழ்பவருக்கு, இன்னொரு சுற்று. பள்ளிச் சான்றிதழில் பழைய பெயரே இருந்தால், ஒவ்வொரு புது வேலைக்கும் அதை மேசைமேல் வைத்துத் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் இருபது வருடம் இருப்பவர் ஒரு முறை சொன்னால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுபவர் நாற்பது முறை சொல்ல வேண்டும்.